இரண்டளவு மருந்து

"டாக்டரம்மா, இந்தப் பெட்டியில ஒரு தோட்டா கெட்டது. எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்."

மாசிலாமணி இப்படிக் கெஞ்சிக்கொண்டு வந்து நின்றபோது, டாக்டர் சுகிர்தா கொட்டகையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார்.

பொறுக்கிற நிலையிலா இருந்தார் மாசிலாமணி? மலைப்பாதையில் ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலைச் சாப்பாடு சாப்பிட்டோமா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை.

டாக்டர் கரண்டியால் ஈயத்தை அள்ளி அச்சில் ஊற்றினார். ஆறும்வரை காத்திருந்தார். அச்சைத் திறந்து தட்டினார். பளபளவென்று ஒரு குண்டு துணியில் விழுந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். திரும்பவும் சட்டியிலேயே போட்டுவிட்டார்.

"நல்லாத்தானே இருந்தது?"

"அடியில சுருக்கம் விழுந்திருக்கு."

அந்த ஊரில் இந்தக் குருவையும் சீடரையும் பற்றிப் பேசிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சீடருக்கு வயது அறுபது, மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு நாற்பதுதான், பல் டாக்டர். வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை குண்டு வார்ப்பார். இரண்டு பேரும் முறையாக உரிமம் வாங்கித்தான் செய்தார்கள். ஒரு காக்கையைக் கூட இருவரும் சுட்டதில்லை. காகிதத்தில் வரைந்த வட்டத்தைச் சுடுவதற்குத்தான் இத்தனை பாடும்.

பைத்தியம்தான். ஆனால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லாத பைத்தியம். சீட்டாட்டத்துக்கு இது எவ்வளவோ மேல்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "என்ன ஆச்சு?"

"மருந்து இரட்டையா விழுந்துடுச்சு."

டாக்டரின் கை அப்படியே நின்றது.

தோட்டா போடுவது பார்வைக்குச் சுலபமான வேலை. பித்தளைக் கூட்டில் ஓர் அளவு வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் முடிந்தது. ஆனால் அந்த மருந்து கூட்டில் பாதிக்கும் கீழேதான் நிற்கும். கை தவறி இரண்டளவு கொட்டிவிட்டாலும் வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் அப்புறம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், கன்னத்தை ஒட்டி வைத்திருக்கும் துப்பாக்கியே வெடித்துவிடும்.

அதனால்தான் டாக்டர் தன் சீடருக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்து போட்ட கூடுகளையெல்லாம் வரிசையாக நிறுத்து. விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார். பார்க்காமல் ஒன்றைக்கூட மூடாதே.

"பார்க்கலையா?"

"நேத்துப் பார்க்கல. போடப் போட மூடிக்கிட்டே வந்துட்டேன். அவசரம்."

"அப்போ இரட்டையா விழுந்தது எப்படித் தெரிஞ்சது?"

"பெட்டிக்கு எவ்வளவு மருந்து வேணுமோ அவ்வளவுதான் நிறுத்து வெச்சிருந்தேன். கடைசிக் கூட்டுக்கு வந்தா கிண்ணம் காலி. ஓர் அளவு குறையுது."

"சிந்தியிருக்கலாமே?"

"நானும் அப்படித்தான் டாக்டரம்மா மனசைத் தேத்திக்கிட்டேன். மேசையைத் துடைச்சுப் பார்த்தேன். தரையில முட்டி போட்டுத் தேடினேன். ஒரு பொடி கூட இல்லை."

"நடுவுல எழுந்து போனீங்களா?"

"போனேன். அமிர்தம் கூப்பிட்டா."

அமிர்தம் அவர் மனைவி. இன்று மதியம் கிளப்பில் பழைய துப்பாக்கிகளுக்கான ஆண்டுப் போட்டி. அவளுடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கியால் அவள் சுடப் போகிறாள். போன வருஷம் அவளால் தோளைத் தூக்கித் தலை கூட வார முடியவில்லை. மூட்டு இறுகிப்போய்விட்டது, துப்பாக்கியை மறந்துவிடுங்கள் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவளா மறப்பாள்? வருஷம் முழுக்கச் சுவரைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துப் பயிற்சி செய்தாள். நேற்றுக் கொல்லையில் காற்றுத் துப்பாக்கியால் பழகியபோது, சுட்டதெல்லாம் நடு வட்டத்தில் விழுந்தன. "ஏங்க, ஓடி வாங்களேன்!" என்று கத்தினாள்.

மாசிலாமணி போட்டது போட்டபடி ஓடினார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடே திரும்பி வந்து, விட்ட இடம் எது என்று பார்க்காமல் கையை ஓட்டிவிட்டார்.

"நிறுத்துப் பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"விடிஞ்சதிலிருந்து அதுதான் வேலை. கூடு ஒண்ணொண்ணும் ஒரு எடை, குண்டு ஒண்ணொண்ணும் ஒரு எடை. அந்த வித்தியாசத்துலயே மருந்தோட வித்தியாசம் மறைஞ்சு போகுது. குலுக்கியும் பார்த்தேன். எல்லாம் ஒரே சத்தம்."

"அப்போ நான் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"நீங்க குருவாச்சே!"

"பல்லுன்னா எக்ஸ்ரே எடுப்பேன் சார். இது பித்தளை."

மாசிலாமணி தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிடுங்கிடுங்க" என்றார் டாக்டர்.

"பிடுங்கினா குண்டு நசுங்கிடும். புதுசா வார்த்து, மெழுகு பூசி, ஆற வெச்சு... போட்டி ரெண்டு மணிக்கு. இந்த அளவுத் தோட்டா கடையில எங்க கிடைக்குது? இது இல்லைன்னா அவ சுட முடியாது. ஒரு வருஷப் பாடு டாக்டரம்மா!"

டாக்டர் அடுப்பைக் குறைத்தார்.

"பெட்டி நிறைய நல்ல தோட்டா" என்றார் மாசிலாமணி மெதுவாக. "கெட்டது ஒண்ணே ஒண்ணு. போட்டிக்குப் பாதிகூட வேண்டாம். அது அவ கையில வராமலே போகலாம், இல்லையா?"

"போகலாம்."

"போகலாம்தானே?"

"தாராளமா. அப்போ கொண்டு போய்க் கொடுங்க."

மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

"சரி, என்கிட்ட கொடுங்க. நான் சுடறேன்" என்றார் டாக்டர். "என் அலமாரியிலயும் இந்த அளவுத் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, தோட்டாதான் இல்லை."

அவர் பெட்டியை எடுக்கக் கை நீட்டியதும் மாசிலாமணி பாய்ந்து அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, விளையாடாதீங்க! உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அதுவும் சரிதான்." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "வேலாயுதம் மேஜர் துப்பாக்கிக்கும் இதே அளவுதானே? அவருக்குக் கொடுத்துடலாமா?"

மேஜர் வேலாயுதம் கிளப்பில் வருஷா வருஷம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தும் அந்த மிடுக்குக் குறையாதவர். "அமிர்தம்மாவுக்குக் கை தூக்க முடியலைன்னா சொல்லச் சொல்லுங்க, துப்பாக்கிக்கு ஒரு முட்டுக் கொடுத்துடலாம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தவர். அன்றைக்கு அமிர்தம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மாசிலாமணி அதை மறக்கவில்லை.

அடுப்பில் ஈயம் மெல்லச் சலசலத்தது.

"சார்" என்றார் டாக்டர்.

"ம்?"

"இன்னும் நீங்க வேண்டாம்னு சொல்லல."

மாசிலாமணிக்கு முகம் முழுக்கச் சூடேறியது. "சேச்சே! என்ன டாக்டரம்மா... வேண்டாம்! அவருக்கும் வேண்டாம். யாருக்கும் வேண்டாம்."

தன்னைப் பற்றி அவர் இதுவரை நல்லபடியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நானா, நானா இப்படி யோசித்தேன் என்று அவருக்கு உடம்பு கூசியது. டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நானே சுட்டுடறேன்" என்றார் திடீரென்று. "கல் குவாரிக்குப் போய் எல்லாத்தையும் நானே சுட்டுத் தீர்த்துடறேன். வெடிச்சா என் கன்னம்தானே போகும்?"

"உங்க கன்னமா?"

"பின்னே?"

"அமிர்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவளை ஏன் இதுல இழுக்கறீங்க? அவளுக்குத் தெரியாம முடிக்கலாம்னுதானே உங்ககிட்ட ஓடி வந்தேன்!"

டாக்டர் அடுப்பை அணைத்தார். கையுறையைக் கழற்றினார். துணியில் கிடந்த நல்ல குண்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினார். தான் ஒருவன் எதிரே உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டாரோ என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

"நான் என்ன செய்யட்டும்? ஏதாவது சொல்லுங்களேன்!"

"கொண்டு போங்க."

"எங்கே?"

"அமிர்தம்மாகிட்ட. அவங்க கையில கொடுங்க."

"கொடுத்து?"

"கொடுக்கும்போது வாயில என்ன வருதோ அதைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். டாக்டர் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கிவிட்டார்.

மாசிலாமணி மலைப்பாதையில் இறங்கினார். பெட்டி கனத்தது.

இறங்கும் வழியெல்லாம் வாயில் என்னென்னவோ வந்தது. பெட்டி பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவர் பஸ்ஸில் வரவேயில்லை. ஏரியில் தவறி விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஏரிப் பக்கம் ஏன் போனீர்கள் என்பாள். குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாம். இதை நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் குடித்தனத்தில் அமிர்தத்திடம் ஒரு பொய்யைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடிந்ததில்லை.

கிளப் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அமிர்தம் நீலப் புடவைக்கு மேல் தோல் கோட்டு மாட்டிக்கொண்டு, அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்? சாப்பிடக்கூட இல்லை. பொத்தானைப் பாருங்க, கண்றாவி! கொடுங்க பெட்டியை."

மாசிலாமணி கொடுத்தார். கொடுத்தபோது வாயில் வந்தது இதுதான்:

"இதுல ஒண்ணுல மருந்து இரட்டையா இருக்கு அமிர்தம். எதுன்னு தெரியல. விளக்கடிச்சுப் பார்க்காம மூடிட்டேன். நீ சுடாதே."

அமிர்தம் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எப்போ நடந்தது?"

மாசிலாமணி குனிந்து, மாற்றிப் போட்ட பொத்தானைச் சரிசெய்தார்.

"நான் கூப்பிட்டப்பவா?"

"நீ கூப்பிட்டா என்ன? நான்தானே பார்த்திருக்கணும்."

"பாவி மனுஷா" என்றாள் அமிர்தம். திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஒரு வருஷம் சுவரைப் பிடித்து ஏற்றிய அதே தோள். அதைத் தொட மாசிலாமணியின் கை எழும்பியது, பாதியிலேயே நின்றுவிட்டது.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியிலிருந்து விலகுகிறவர், சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்குப் போய், துப்பாக்கியைத் திறந்து காலியாக வைத்து, விலகும் காரணத்தை நடுவரிடம் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நடுவர் அதை மைக்கிலேயே சொல்வார்.

"என் பேரைச் சொல்லிடு" என்றார் மாசிலாமணி. "புருஷன் கவனமில்லாம போட்டுட்டார்னு சொல்லு. நான் பொறுத்துக்கறேன்."

அமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு நடந்தாள். துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்தாள். நடுவர் குனிந்து கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். ஷாமியானாவில் அத்தனை பேரும் இருந்தார்கள். மேஜர் முதல் வரிசையில் இருந்தார்.

மைக் கரகரத்தது.

"திருமதி அமிர்தம் விலகுகிறார். காரணம், தோட்டா ஒன்றில் மருந்து இரண்டளவு விழுந்துவிட்டது. மருந்து போட்டுக்கொண்டிருந்தவரை நடுவில் கூப்பிட்டது இவர். பார்க்காமல் மூடியது அவர். தவறு இருவருடையது என்று சொல்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணி கண்ணைத் திறந்தபோது எதிரே மேஜர் வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய மரப்பெட்டி.

"மாசிலாமணி, உங்க வீட்டுத் துப்பாக்கியும் என் துப்பாக்கியும் ஒரே அளவுதானே?"

மாசிலாமணி தலையசைத்தார்.

"அந்தப் பெட்டியைக் கொண்டு போய்ப் பிடுங்கிப் போடுங்க. இந்தாங்க, இதுல பாதியை அமிர்தம்மாவுக்கு எடுத்துக்குங்க. அந்த அம்மா இந்தக் கோட்டுக்குத் திரும்பி வரப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தோட்டா இல்லைன்னு திரும்பிப் போறதைப் பார்த்துக்கிட்டு நான் கோப்பை வாங்கினா, அது எனக்குச் செரிக்குமா? நடுவர்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டார்."

மாசிலாமணிக்குக் காலையில் கொட்டகையில் டாக்டர் கேட்டது நினைவுக்கு வந்தது.

"நான் வாய்த்துடுக்கா அன்னிக்கு ஏதோ பேசிட்டேன். அதை மனசுல வெச்சுக்காதீங்க."

மாசிலாமணி கை நீட்டவில்லை. பெட்டி அவர் முன்னால் நீண்டபடியே இருந்தது. கோட்டிலிருந்து அமிர்தம் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜரின் முகம் வாடியது.

"என்ன சார், பேசாம நிக்கறீங்க? ஒவ்வொண்ணையும் நானே உத்துப் பார்த்துப் போட்டிருக்கேன். அந்த அம்மா கன்னத்துல வைக்கப் போறது, எனக்குத் தெரியாதா? என் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

மாசிலாமணி இரண்டு கைகளாலும் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். "மேஜர், என்னை மன்னிச்சுடுங்க" என்றுதான் வந்தது.

"எதுக்கு?" என்றார் மேஜர்.